அவுரி: பெயரும் பயனும்

நுழையும்முன்

ஒரு செடியின் பெயரைச் சொன்னவுடன் அதனை அறிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். ஆனால், ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு செடிகளின் இலைகள் ஒரே நாட்டுமருந்துக் கடையில் விற்கப்படும்போது பெயர் மட்டும் போதுமா? ஆடைக்கு நிறமும் உடலுக்கு மருந்தும் மண்ணுக்கு உரமும் தந்த அவுரிச் செடியின் வரலாறு, மூலிகை அறிவு என்பது யாது என்பதை நமக்குக் கற்பிக்கிறது.

நரியும் நீலத் தாழியும்

நீல நரியின் கதையை அறியாதார் இலர். நாய்களுக்கு அஞ்சி ஓடிய நரி, சாயத்தொழிலாளியின் தாழிக்குள் விழுந்து நிறம் மாறிக் காட்டுக்கே அரசனாகிறது. மழையில் நனைந்து அதன் சாயம் வெளுத்ததாகச் சொல்லும் வடிவமும் நம்மிடையே உண்டு. ஆயினும், பஞ்சதந்திரக் கதையில் நரியைக் காட்டிக்கொடுத்தது அதன் ஊளையே அன்றி மேனியின் நிறம் அன்று. கதை புனைந்தவர் சாயத்தொழிலை அறிந்தவராய் இருத்தல் வேண்டும். ஏனெனில், அத்தாழியில் இருந்த நீலம் எளிதில் வெளுப்பதன்று.

அந்நீலத்தைத் தந்த செடியே அவுரி. நீலம் தருவதால் நீலி எனவும் அது பெயர் பெற்றது. தாவரவியலார் அதனை இன்டிகோபெரா டிங்டோரியா என்பர். முற்பகுதி ‘நீலத்தைத் தாங்கியது’ எனவும், பிற்பகுதி ‘சாயத்திற்கு உரியது’ எனவும் பொருள்படும். இன்டிகோ என்னும் சொல்லே ‘இந்தியாவிற்கு உரியது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்ததாகும். ஒரு நாட்டின் பெயர் ஒரு நிறத்திற்குப் பெயராய் அமைந்தது இச்செடியால்தான்.

தோற்றமும் இயல்பும்

அவுரி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுசெடி. ஒரு மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரம்வரை கிளைத்து வளரும். காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இணையிணையாக அமைந்திருக்க, நுனியில் ஒற்றைச் சிற்றிலை ஒன்று நிற்கும். எனவே, சிற்றிலைகளை எண்ணினால் ஒற்றைப்படையாகவே வரும். இலைக்கக்கத்திலிருந்து எழும் குறுங்கொத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறுபூக்கள் மலரும். காய்கள் மெல்லிய உருளை வடிவின. சிறிதே வளைந்து கொத்தாகத் தொங்கும். பச்சையாய் இருக்கும் இலை உலர உலரக் கருநீலம் ஏறுவது இச்செடியின் தனி அடையாளம்.

அவரைக் குடும்பத்துச் செடிகள் பலவற்றுக்கும் உரிய சிறப்பொன்று அவுரிக்கும் உண்டு. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிர் ஏற்கும் வடிவிற்கு மாற்றித் தருகின்றன. இதனால், நெல் நடுவதற்கு முன்னர் அவுரியை வளர்த்துப் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் வழக்கம் தமிழக உழவரிடையே இருந்துவருகிறது. சாயம் எடுத்தபின் எஞ்சும் சக்கையும் வீணாவதில்லை; அதுவும் வயலுக்கு எருவாகிறது.

இலையுள் மறைந்த நிறம்

அவுரி இலையைக் கையில் வைத்துக் கசக்கியவுடன் நீலம் வெளிப்படாது. இலையில் இருப்பது இன்டிகான் என்னும் நிறமற்ற பொருள். அதிலிருந்து நீலத்தைப் பெறும் வழியைக் கண்டறிந்தது கைவினைஞர்தம் நெடுங்காலப் பட்டறிவாகும்.

அறுத்த செடிகளைக் கட்டுக்கட்டாக நீர்த்தொட்டியில் அடுக்கி, அவை மிதவாதவாறு மேலே பாரம் ஏற்றி ஊறவைப்பர். நீரில் புளிப்பேறும்போது இன்டிகான் பிரிந்து இன்டாக்சில் என்னும் பொருளாகிறது. மஞ்சளும் பச்சையும் கலந்த அந்நீரை அடுத்த தொட்டிக்கு வடித்தபின், தொழிலாளர் அதனுள் இறங்கிக் கால்களால் உதைத்துக் கலக்குவர். காற்றுப்பட்டதும் நீர் மெல்ல மெல்ல நீலமாகும், நுரையும் நீலமாகும். பின்னர் நீலம் அடியில் படியும். அவ்வண்டலை எடுத்துக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவர். விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனம் வட்டாரத்தில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

ஆனால், நீலக் கட்டி நீரில் கரையாது. கரையாததனைத் துணியில் ஏற்றுவது எவ்வாறு? தென்னிந்தியச் சாயத்தொழிலாளர் இதற்கும் விடை கண்டனர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த தகரையின் விதைகளை வேகவைத்துச் சுண்ணாம்புடன் தாழியில் சேர்த்துப் புளிக்கவைத்தனர். அந்நிலையில் நீலம் தன் நிறத்தை இழந்து கரையத்தக்கதாகிறது. அதனுள் துணியைத் தோய்த்தனர். தாழியிலிருந்து எடுக்கும்போது மஞ்சட்பச்சையாய்த் தோன்றும் துணி, காற்றில் விரித்த சில நொடிகளில் கண்ணெதிரே நீலமாயிற்று. நூலினுள் புகுந்தபின் மீண்டும் கரையாத நிலையை அடைவதனால்தான் அந்நீலம் நிலைத்து நின்றது. வேதியியல் என்னும் துறை தோன்றுவதற்கு முன்னரே அதன் நுட்பத்தைக் கையாண்டவர் நம் தொழிலாளர்.

கடல் கடந்த நீலம்

செங்கடல் வணிகத்தைக் கூறும் பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல், சிந்து ஆற்று முகத்துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான பொருள்களுள் இந்தியக் கருநீலத்தையும் குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொல்லத்திற்கு வந்த மார்க்கோ போலோ, அங்குச் செடியை நீரில் ஊறவைத்து நீலம் எடுக்கும் முறையைத் தம் பயணக் குறிப்பில் விவரித்துள்ளார். பிற்காலத்தில் புதுச்சேரியில் நீலம் தோய்த்த துணிகள், ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுச் சந்தைகளில் பணத்திற்கு ஈடாகவே மதிக்கப்பெற்றன.

வளம் தந்த இதே செடி, விருப்பத்திற்கு மாறாக விளைவிக்கப்பட்டபோது துயர் தந்தது. வங்காளத்தில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் முன்பணம் தந்து உழவரைக் கடனில் ஆழ்த்தி, நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிட வற்புறுத்தினர். 1859ஆம் ஆண்டு உழவர் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அக்கொடுமையைக் காட்டித் தீனபந்து மித்ரா எழுதிய ‘நீல் தர்ப்பண்’ என்னும் நாடகம் 1860இல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்திற்காக ஜேம்ஸ் லாங் என்னும் பாதிரியார் சிறைத்தண்டனை பெற்றார்.

பீகாரின் சம்பாரண் பகுதியில், ஒவ்வோர் உழவரும் தம் நிலத்தின் 20 பங்கில் 3 பங்கை அவுரிக்கென ஒதுக்க வேண்டும் என்னும் முறை நிலவியது. 1917இல் காந்தியடிகள் அங்குச் சென்று உழவர்தம் வாக்குமூலங்களைத் திரட்டினார். அதன் பயனாக 1918ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை நீக்கியது. இதற்கிடையே, அடால்ஃப் வான் பேயர் என்னும் செருமானிய அறிஞர் 1880இல் ஆய்வகத்தில் நீலத்தை உருவாக்கியிருந்தார். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரி வயல்கள் சுருங்கின. எனினும், அவுரி நம் வேலியோரங்களையும் மருந்துப் பெட்டிகளையும் விட்டு நீங்கவில்லை.

மருந்தாகும் இலையும் வேரும்

சித்த மருத்துவத்தில் அவுரியின் இலையும் வேரும் பயன்படுகின்றன. கைப்புச் சுவையுடைய இலை, காமாலைக்கும் ஈரல் சார்ந்த நோய்களுக்கும் உரிய மருந்துகளில் சேர்க்கப்படுகிறது. பூச்சிக்கடி, தோல் தடிப்பு, வீக்கம் ஆகியவற்றுக்கு இலையை அரைத்துப் பற்றிடுவதும் வழக்கம். நஞ்சினை முறிக்கும் மூலிகை வரிசையில் அவுரி வேருக்கும் இடமுண்டு. தலைமுடிக்கான தைலங்களில் அவுரிச் சாறும் கரிசலாங்கண்ணிச் சாறும் இணைந்தே இடம்பெறும். ஆயுர்வேதத்தில் நீலிபிருங்காதி என்னும் தைலத்தின் பெயரிலேயே இவ்விரு மூலிகைகளும் அமைந்துள்ளன.

மரபு கூறும் பயன்களுள் சிலவற்றை இக்கால ஆய்வு பின்தொடர்ந்து வருகிறது. அவுரி இலையின் சாரம், வேதிப்பொருளால் சிதையும் ஈரலை ஓரளவு காக்கிறது என்பதை ஆய்வக விலங்குகளிடம் நடத்திய சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால், எலியிடம் கண்ட பயன் மனிதரிடமும் அவ்வாறே அமையும் என்று கொள்ளுதல் பொருந்தாது. காமாலை என்பதும் தனியொரு நோயன்று. அது நோயின் அறிகுறி. நச்சுயிரித் தொற்று, பித்தக்கல், மதுப்பழக்கம் எனக் காரணங்கள் பல. காரணம் அறியாது ஒரே இலையைக் கொடுப்பதும், அதனை நம்பி நாள்களைக் கடத்துவதும் உயிருக்குத் தீங்காய் முடியலாம். நோயின் முதற்காரணத்தை நாடிய பின்னரே மருந்து தருதல் வேண்டும் என்பது நம் மருத்துவ மரபும் வற்புறுத்தும் நெறியே.

முடிக்கு நிறமூட்டுவதில் அவுரியின் பயன் கண்கூடானது. மருதாணி முடிக்குச் செம்மஞ்சள் நிறத்தைத் தரும்; அதன்மேல் அவுரி இலைத்தூளைக் குழைத்துப் பூசினால் செம்மையும் நீலமும் சேர்ந்து கருமையாகும். உலர்ந்த அவுரி இலைத்தூள் பசுமை கலந்த நிறமுடையது. கடையில் வாங்கிய தூள் கன்னங்கரேலெனக் காணப்பட்டால், அதில் ஒவ்வாமை தரும் வேதிச்சாயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால், முதலில் கையில் சிறிதளவு பூசிப் பார்த்துப் பின்னர்ப் பயன்படுத்துதல் நலம்.

நஞ்சும் மருந்தும்

நஞ்சுமுறிவு என்னும் சொல்லைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பூச்சிக்கடியால் உண்டாகும் தடிப்புக்கும் நச்சுப்பாம்புக் கடிக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. பாம்புக்கடிக்கு மெய்ப்பிக்கப்பட்ட மருந்து, மருத்துவமனையில் தரப்படும் நஞ்சுமுறிவு ஊசி ஒன்றே. வேரை அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிரைக் காக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

இங்கும் மரபறிவுக்கு இடமில்லாமல் போய்விடவில்லை. நஞ்சுமுறிவு ஊசி செய்வதற்குப் பாம்பின் நஞ்சே மூலப்பொருள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சினை எடுத்து, மீண்டும் காட்டில் விடும் பணியைச் செய்பவர் இருளர் பழங்குடியினர். இதற்கென 1978இல் தொடங்கப்பெற்ற அவர்தம் கூட்டுறவுச் சங்கம் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்குகிறது. பாம்பின் தடத்தை மண்ணில் படித்தறியும் தொன்மையான அறிவு, இன்றைய மருத்துவத்தோடு கைகோத்து உயிர்களைக் காக்கிறது. மரபும் அறிவியலும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மிகுதியும் தீங்காகும். வேறு செடிகளிலிருந்து கிழக்காசியாவில் பெறப்படும் நீலத்தூள் ஒன்று, சீன மருத்துவ மரபில் உட்கொள்ளும் மருந்தாகப் பயன்படுகிறது. சப்பானில் பெருங்குடற்புண் நோயாளர் சிலர் அதனைத் தாமாகவே உட்கொண்டு வந்தபோது, நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் உயர்ந்தமை கண்டறியப்பட்டது. 2016இல் அந்நாட்டு அரசு அதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது. செடியிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

ஒரு பெயர், இரு செடிகள்

தென் மாவட்டங்களில், குறிப்பாகத் தூத்துக்குடிப் பகுதியில், அவுரி என்று கேட்டால் காட்டப்படுவது வேறொரு செடி. மஞ்சள் பூக்களும் தட்டையான அகன்ற காய்களும் உடைய அச்செடியை நிலாவாரை எனவும் நிலவாகை எனவும் கூறுவர். அதுவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மானாவாரி நிலத்தில் விளைந்து, இலையாகவும் காயாகவும் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே அயல்நாடுகளுக்குச் செல்கிறது. உலக மருந்துநூல்களில் அதன் பெயர் ‘திருநெல்வேலி சென்னா’ என்பதாகும். தமிழகத்து ஊரொன்றின் பெயர் மருந்தின் பெயராகவே நிலைபெற்றது பெருமைக்குரியது.

நிலாவாரை இலையிலுள்ள சென்னோசைடு என்னும் பொருள் பெருங்குடலைத் தூண்டி மலத்தை வெளியேற்றும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் சென்னா இடம்பெற்றுள்ளது. எனினும், அது மலச்சிக்கலுக்குச் சில நாள் மட்டும் கொள்ளத்தக்க மருந்தே; நாள்தோறும் பருகும் தேநீர் அன்று. தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் வயிற்றுப்போக்கும் உடலின் உப்புச் சமநிலைக் குலைவும் நேரும்.

இனி, இல்லத்தில் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தலைக்கு நிறமூட்ட விரும்பும் ஒருவர் ‘அவுரித்தூள்’ என்று கேட்டு நிலாவாரைத் தூளைப் பெற்றால், உழைப்பு வீணாகும், அவ்வளவே. ஆனால், காமாலையால் உடல்மெலிந்த ஒருவருக்கு ‘அவுரி இலைச்சாறு’ என்று நிலாவாரையைப் பிழிந்து கொடுத்தால், பேதி கண்டு அவர் மேலும் தளர்வார். இரண்டு செடிகளும் நல்லவை, இரண்டும் மருந்தாவன. தவறு செடியில் இல்லை. பெயரை மட்டும் நம்பிய நம்மிடம் உள்ளது. மருந்துச்சீட்டுகளில் தாவரவியற் பெயரைக் குறிக்க வேண்டும் என்பதன் தேவை இதனால் புலப்படும்.

முற்காலத்தில் மருத்துவரின் மாணாக்கர், ஆசிரியருடன் காடுமேடு அலைந்து, இலையைக் கிள்ளி, முகர்ந்து, சுவைத்து, பருவமறிந்து பறிக்கக் கற்றனர். பொட்டலத்தில் தூளாகவே மூலிகையைக் காணும் இக்காலத்தில் அக்கல்வி அருகிவருகிறது. செடியைக் காணாது தூளை மட்டும் கண்டவர்க்கு இரண்டும் ஒன்றே. செடியைக் கண்டவரோ, இலையின் நுனியைப் பார்த்த அளவிலேயே வேறுபாட்டை உணர்வர். ஊரிலுள்ள முதியோரிடம் செடிகளின் பெயர்களை மட்டுமன்றி அவற்றின் அடையாளங்களையும் கேட்டுப் பதிந்துவைப்பது நம் தலைமுறையின் கடமையாகும்.

நிறமும் உரமும் மருந்தும் தந்த அவுரி, வற்புறுத்தலின் கருவியானபோது கண்ணீரும் தந்தது. அறியாமையோடு கையாண்டால் இன்றும் தீங்கு தரும். செடியின் உருவம், பயன், அளவு ஆகிய மூன்றும் அறிந்தவர்க்கே அதன் பெயர் துணையாகும். அடுத்தமுறை வேலியோரத்தில் இளஞ்சிவப்புப் பூக்கொத்தைக் காணும்போது, ஒரு கணம் நின்று சிற்றிலைகளை எண்ணிப் பார்ப்போம். மூலிகை அறிவு அங்கிருந்தே தொடங்குகிறது.

தெரியுமா?

‘நீலிக்கண்ணீர்’ என்னும் வழக்கில் வரும் நீலி, அவுரியைக் குறிப்பதன்று. பழையனூர் நீலி என்னும் கதைமாந்தர் வடித்த பொய்க்கண்ணீரால் அமைந்த வழக்கு அது. ஒரு பெயர் பல பொருளைக் குறிப்பது சொல்லுலகிலும் உண்டு.

தெரிந்து தெளிவோம்

அவுரி – சிற்றிலைகள் ஒற்றைப்படை; பூ இளஞ்சிவப்பு; காய் மெல்லிய உருளை; உலர்ந்த இலையில் கருநீலம் ஏறும்.

நிலாவாரை – சிற்றிலைகள் இரட்டைப்படை, பூ மஞ்சள், காய் தட்டையாகவும் அகன்றும் இருக்கும்.

கொழிஞ்சி – அவுரியைப் போன்ற தோற்றம், சிற்றிலைகள் ஒற்றைப்படை, பூ ஊதா, காய் தட்டை, சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அம்புமுனை வடிவில் கிழியும்.

சொல்லும் பொருளும்

தாழி – வாயகன்ற பெரிய மண்கலம்
வண்டல் – நீரின் அடியில் படிவது
பசுந்தாள் உரம் – பச்சைச் செடியை மடக்கி உழுது பெறும் உரம்
மானாவாரி – மழையை நம்பிய வேளாண்மை
கண்கூடு – நேரிற் காண்பது

இலக்கணக் குறிப்பு

இலையும் வேரும் – எண்ணும்மை
கரையாத நிலை – எதிர்மறைப் பெயரெச்சம்
மெல்ல மெல்ல – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

தோய்த்தனர் – தோய் + த் + த் + அன் + அர்
தோய் – பகுதி
த் – சந்தி
த் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஒரே பெயரால் வழங்கும் இருவேறு செடிகளையோ, பல பெயர்களால் வழங்கும் ஒரே செடியையோ கண்டறிந்து, அவற்றின் அடையாளங்களை அட்டவணைப்படுத்துக.
2. முதியோர் ஒருவரிடம் அவர் அறிந்த மூலிகை ஒன்றைப் பற்றி உரையாடி, அவர் கூறும் அடையாளம், பறிக்கும் பருவம், பயன், எச்சரிக்கை ஆகியவற்றை எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நீலச்சாயத் தாழியில் தென்னிந்தியத் தொழிலாளர் சுண்ணாம்புடன் சேர்த்தது
அ) வெந்தயம் ஆ) தகரை விதை இ) புளியங்கொட்டை ஈ) அவுரி வேர்

2. ‘திருநெல்வேலி சென்னா’ எனப்படுவது
அ) கொழிஞ்சி ஆ) நீலி இ) நிலாவாரை ஈ) கரிசலாங்கண்ணி

குறுவினா

1. அவுரிக்கு நீலி என்னும் பெயர் அமைந்த காரணம் யாது?
2. அவுரி மண்ணை வளப்படுத்துவது எவ்வாறு?

சிறுவினா

1. தாழியிலிருந்து எடுத்த துணி காற்றில் நீலமாக மாறுவதன் காரணத்தை விளக்குக.
2. காமாலைக்கு மூலிகை மருந்து கொள்வோர் கருத்தில் கொள்ள வேண்டியவை யாவை?

நெடுவினா

‘மூலிகையை அறிதல் என்பது அதன் பெயரை மட்டும் அறிதல் அன்று’ – இக்கூற்றை அவுரி, நிலாவாரை ஆகியவற்றின் துணைகொண்டு நிறுவுக.